'ம்' சொல்லாத பத்து நிமிடம்

"நீங்க 'ம்' சொல்லவே இல்லையே சார்."

கையுறையைக் கழற்றிக்கொண்டே அந்த மூன்றாம் ஆண்டு பி.ஜி., என்னிடம் அறுவை சிகிச்சை பயிலும் முதுநிலை மாணவி, சொன்னது இவ்வளவுதான். கோபமும் இல்லை, குறை சொல்கிற தொனியும் இல்லை. ஏதோ அப்போதுதான் கவனித்தது மாதிரி சொன்னார். எனக்கு விளங்கவில்லை. "டெஸ்ட்ல நான் பேசக்கூடாதும்மா" என்று சொல்லிவிட்டு மார்க் ஷீட்டில் சைபர் போட்டேன்.

நியாயமான சைபர்தான். பாக்ஸ் டிரெயினருக்குள், அதாவது லேப்ராஸ்கோப்பி பழகும் பெட்டிக்குள், திரையைப் பார்த்து முடிச்சுப் போடுகிற பரீட்சை அது. முறைப்படி பென்ரோஸ் டிரெயின் என்கிற மெல்லிய ரப்பர் குழாயில் செய்ய வேண்டும். நாங்கள் கையுறையின் ஒரு விரலை வெட்டி, நடுவில் கீறி, இரண்டு பக்கமும் பேனாவால் புள்ளி வைத்து வெல்க்ரோவில் ஒட்டி வைப்போம். பதினைந்து சென்டிமீட்டர் டூ-ஜீரோ சில்க் நூல், முதலில் இரட்டைச் சுற்று, அப்புறம் கை மாற்றி இரண்டு ஒற்றைச் சுற்று. மாண்ட்ரியலில் மெக்கில் பல்கலைக்கழகத்தில் உருவாகி எஃப்.எல்.எஸ். என்று பெயர் பெற்ற, லேப்ராஸ்கோப்பியின் அடிப்படைத் திறனைச் சோதிக்கும் முறை இது. 600 வினாடியில் எடுத்துக்கொண்ட நேரம் போக மீதிதான் மார்க். ஊசி புள்ளியை விட்டு விலகினால் மில்லிமீட்டர் கணக்கில் கழியும். கீறல் வாய் பிளந்திருந்தாலும், முடிச்சு நழுவினாலும் கழியும். ஆனால் டிரெயின் அடியோடு பிய்ந்து வந்துவிட்டால் கழிப்பதற்கு ஒன்றுமில்லை, சைபர். இந்த விதி எனக்குப் பிடித்த விதி. பிய்ந்த குடலுக்குப் பாதி மார்க் கிடையாது என்று நானே வகுப்பில் சொல்லியிருக்கிறேன்.

அவருடையது ஏழாவது நிமிடத்தில் பிய்ந்தது. இரண்டாவது சுற்றை இறுக்கும்போது நூலைப் பக்கவாட்டில் இழுக்காமல் மேல்நோக்கி இழுத்தார். கண் முழுக்க முடிச்சில். திரையின் கீழ் மூலையில் கையுறை விரலின் ஓரம் வெல்க்ரோவை விட்டு எழும்புவதை நான் பார்த்தேன். மூன்று நான்கு வினாடி இருக்கும், நன்றாகவே பார்த்தேன். அந்த இடைவெளியில் அவர் ஒரு தடவை, அரை நொடி, தலையை என் பக்கம் திருப்பினார். அப்புறம் இழுத்தார். பர்ரென்று ஒரு சத்தம்.

மறுநாள் ஆபரேஷன் தியேட்டரில் சிஸ்டரிடம் விளையாட்டாகக் கேட்டேன், நான் 'ம்' சொல்கிற ஆளா என்று. "உங்களுக்கே தெரியாதா டாக்டர்? எல்லாம் சரியா போனா 'ம், ம்'ன்னுக்கிட்டே இருப்பீங்க. திடீர்னு நிறுத்திட்டா பி.ஜி. கையும் நின்னுடும். 'ம்ம்ம்'னு இழுத்தா நாங்களே சக்‌ஷனை எடுத்து வெச்சுக்குவோம்."

பதினான்கு வருடமாக இதைச் செய்துகொண்டிருக்கிறேன் போலிருக்கிறது.

இதில் தப்பு என்ன என்று முதலில் எனக்கு நானே வாதாடிக்கொண்டேன். மேஜையில் படுத்திருப்பது நோயாளி, கையுறை விரல் இல்லை. பி.ஜி. தவறு செய்யட்டும், பார்த்துக் கற்றுக்கொள்ளட்டும் என்று வாயை மூடிக்கொண்டு நிற்க முடியுமா? என் சீஃப் என்னை 'ம்' எல்லாம் சொல்லித் திருத்தவில்லை, ஆர்ட்டரி ஃபோர்செப்ஸால் விரல் கணுவில் தட்டினார். அதற்கு இது தேவலை. தவிர, சிமுலேட்டர் எதற்காக இருக்கிறதோ அதைத்தான் அன்று செய்தது. நான் இல்லாமல் அந்தக் கை எப்படி இருக்கிறது என்று காட்டியது. அப்படியானால் சைபர் சரிதானே?

சரிதான். ஆனால் அந்த வாதத்தை இன்னும் ஓரடி நீட்டினால் என் காலிலேயே வந்து விழுகிறது. இரண்டரை வருடமாக இந்தப் பெண்ணைப் பற்றி "கை சுத்தம், திசுவை மென்மையாகக் கையாள்கிறார்" என்று எழுதி வந்தது நான். அது அவர் கையா, என் தொண்டையா?

2002-இல் யேல் ஆய்வு ஒன்று வந்தது, இந்தத் துறையில் எல்லோரும் மேற்கோள் காட்டுவது. பதினாறு பயிற்சி மருத்துவர்களில் பாதிப் பேர் சிமுலேட்டரில் பழகிவிட்டுப் பித்தப்பை அறுவை செய்தார்கள். பழகாதவர்கள் பித்தப்பையைக் காயப்படுத்தவோ வேறு இடத்தைச் சுடவோ ஐந்து மடங்கு வாய்ப்பு இருந்தது. எனக்கு அதில் இப்போது உறுத்துவது அந்த எண் இல்லை, பிழைப் பட்டியல். கூட நிற்கும் சீனியர் சர்ஜன் குறுக்கிட்டு அறுவையைத் தன் கையில் எடுத்துக்கொள்வதையும் பயிற்சியாளரின் பிழையாக அதில் எண்ணியிருந்தார்கள். நான் கருவியை வாங்குவதே இல்லை, அதில் எனக்குப் பெருமை கூட உண்டு. 'ம்' என்பதை எந்தப் பட்டியலில் சேர்ப்பது? அறுவைத் திறனை மதிப்பிட டொரண்டோவில் உருவான ஓசாட்ஸ் தாளில் உதவியாளரை எப்படிப் பயன்படுத்துகிறார் என்பதற்கு ஐந்து மார்க் உண்டு. அந்தக் கணக்கில் பார்த்தால் அவர் என்னை மிகச் சிறப்பாகப் பயன்படுத்தியிருக்கிறார், ஐந்துக்கு ஐந்து.

இப்படியெல்லாம் யோசித்துவிட்டு, சில நேரம் எனக்கே சலிப்பாகவும் இருக்கிறது. ஒரு பி.ஜி. நூலை மேலே இழுத்தார், பிய்ந்தது, அவ்வளவுதான், இதற்கு ஏன் இத்தனை என்று. அவரே அதை மறந்திருப்பார். மறு தேர்வுக்குத் தினமும் சாயங்காலம் அந்தப் பெட்டி முன்னால் உட்கார்ந்து கட்டிக்கொண்டிருக்கிறார், போகும்போது வரும்போது பார்க்கிறேன். நான் அறைக்குள் போவதில்லை.

போன வாரம் அவருடைய லாக் புக் கையெழுத்துக்கு வந்தது. பார்த்ததற்கு ஓ, உதவியதற்கு ஏ, மேற்பார்வையில் செய்ததற்கு பி.ஏ., தானே செய்ததற்கு பி.ஐ. லேப் அப்பெண்டிக்ஸ், அதாவது லேப்ராஸ்கோப்பியில் குடல்வாலை எடுப்பது, ஒன்பது; எல்லாவற்றுக்கும் எதிரே பி.ஐ. என்று அழகான கையெழுத்தில் எழுதியிருந்தார். ஒன்பதிலும் நான் எதிரே நின்றேன். முதல் நாலுக்கு ஏற்கெனவே கையெழுத்துப் போட்டிருக்கிறேன். மீதி ஐந்துக்குப் பேனாவைத் திறந்து, மூடி, புத்தகத்தை மேஜை இழுப்பறையில் வைத்தேன். நேற்று வந்து, "சார், லாக் புக்?" என்று கேட்டார்.

"ம்" என்றேன்.