வாய்க்கால் வருமானம்

ஜூன் 9, 2024

தாமிரபரணியின் அணைக்கட்டுகளையும் கால்வாய்களையும் ஞாயிற்றுக்கிழமைகளில் போய்ப் பார்த்து இந்த வலைப்பதிவில் எழுதிவருகிறேன். அந்த எழுத்திலிருந்து நாலு காசு வருமா என்று இனி பார்க்கப் போகிறேன். என்ன நடக்கிறது என்பதைத் தேதி போட்டு இங்கே குறித்துவைக்கிறேன்.

மருதூருக்கும் ஸ்ரீவைகுண்டத்துக்கும் போய்வந்த பெட்ரோல் கணக்கு மனைவியின் கண்ணில் பட்டுவிட்டது. "வாய்க்காலப் பாக்கதுக்கு யாராவது துட்ட செலவழிப்பாவளா? அந்த எழுத்தே அதுக்குத் துட்டு குடுத்தா நான் ஏன் கேக்கப் போறேன்" என்றாள். நியாயம்தான்.

புதிதாக வருகிறவர்களுக்காக ஒருமுறை: கோடைமேலழகியான், நதியுண்ணி, கன்னடியன், அரியநாயகிபுரம், பழவூர், சுத்தமல்லி, மருதூர், ஸ்ரீவைகுண்டம். ஆற்றின் குறுக்கே மொத்தம் எட்டு அணைக்கட்டுகள். கடைசியில் இருப்பது மட்டும் ஆங்கிலேயர் கட்டியது. மற்ற ஏழும் அவர்கள் வருவதற்கு முன்பே தண்ணீரைத் திருப்பிக்கொண்டிருந்தவை. கார், பிசானம் என்று இரண்டு போகம் விளைந்ததெல்லாம் இவற்றின் தயவில்.

ஜூன் 23, 2024

ஆனித் திருவிழாவுக்கு அக்கா மகன் பெங்களூரிலிருந்து வந்திருக்கிறான். கணினிப் பக்கம் வேலை. உட்கார்ந்து கூகுள் ஆட்சென்ஸுக்கு விண்ணப்பித்துக் கொடுத்தான். நம் பக்கத்தில் விளம்பரம் காட்டி, அதற்குக் காசு தருகிற திட்டம். 2018இல்தான் தமிழ்ப் பக்கங்களை அதில் சேர்த்தார்களாம். விளம்பரதாரர் தருகிற பணத்தில் நூற்றுக்குச் சுமார் 68 எழுதுகிறவனுக்கு, மீதி அவர்களுக்கு. நூறு டாலர் சேர்ந்தால்தான் வங்கிக்கு வரும்.

"மாமா, ஒண்ணு சொல்லுதேன். உங்க பக்கத்துல வர்ற விளம்பரத்த நீங்களே தட்டிராதீங்க. அத்தையையும் தட்டச் சொல்லாதீங்க. கணக்கையே மூடிருவான்."

ஒவ்வொரு விளம்பர இடமும் அந்தந்த நொடியில் ஏலத்துக்குப் போகிறது என்று விளக்கினான். வாசிக்கிறவர் எந்த ஊர், பக்கத்தில் என்ன சொற்கள் என்பதைப் பார்த்து விளம்பரதாரர்கள் விலை கேட்பார்கள். அம்பாசமுத்திரத்தில் ஒருவர் வாசித்தால் கிடைப்பதைவிடத் துபாயில் ஒருவர் வாசித்தால் பொதுவாகக் கூடுதல். நான் எழுதுவதோ அம்பாசமுத்திரத்துக்காரருக்கு.

எத்தனை பேர் வாசித்தார்கள் என்ற பழைய கணக்குகளைப் புரட்டியபோது, 2023 டிசம்பர் வெள்ளத்து நாட்களில் என் ஸ்ரீவைகுண்டம் கட்டுரையை ஆட்கள் கூட்டம் கூட்டமாக வாசித்திருப்பது தெரிந்தது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 90 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டிய மழை அது. "அப்பவே விளம்பரம் போட்டிருந்தா ஒரு நல்ல தொகை பாத்திருக்கலாம்" என்றான். அவன் தப்பாகச் சொல்லவில்லை. ஆனாலும் வீட்டுக்குள் தண்ணீர் வந்த ராத்திரியில் அணைக்கட்டு எங்கே இருக்கிறது என்று தேடியவர்களை வைத்துச் சம்பாதிக்காமல் போனதில் எனக்கு வருத்தம் இல்லை.

ஜூலை 14, 2024

அனுமதி கிடைத்து விளம்பரங்கள் வர ஆரம்பித்துவிட்டன.

பாளையங்கால்வாயைப் பற்றிய என் கட்டுரையில், பழவூர் அணைக்கட்டிலிருந்து வரும் தண்ணீர் மேலப்பாளையம், பாளையங்கோட்டை வழியாக எந்தெந்த வயல்களுக்குப் பாய்ந்தது, அவற்றில் எவை இன்று வீடுகளாக நிற்கின்றன என்று எழுதியிருக்கிறேன். கொஞ்சம் கோபத்தோடு எழுதியதுதான். அதில் நான் மூன்றாம் பத்தியை முடித்த இடத்தில் ஒரு கட்டம்: "டிடிசிபி அங்கீகாரம் பெற்ற வீட்டுமனைகள். நான்கு வழிச்சாலைக்கு மிக அருகில். உடனே முந்துங்கள்." நாலாம் பத்திக்குக் கீழே இன்னொரு நிறுவனத்தின் மனைகள்.

இயந்திரத்தைக் குற்றம் சொல்ல முடியாது. வயல், ஏக்கர், சர்வே எண், பட்டா, நஞ்சை. இத்தனை சொற்களையும் ஒரே பக்கத்தில் கண்டால், இங்கே வருகிறவர் நிலம் வாங்க அலைகிறவர் என்றுதான் அது நினைக்கும். என் புலம்பல் அதன் கண்ணுக்கு மனைச் சந்தை. அதிலும் மனை விளம்பரத்துக்குத்தான் நல்ல விலையாம். கோடைமேலழகியான் பற்றிய பக்கத்தில் பல்பொடி விளம்பரம் வருகிறது, அதில் சில்லறை கூடத் தேறவில்லை.

ஆகஸ்ட் 4, 2024

விளம்பர வகைகளை நாமே தடுத்துவைக்க ஒரு வசதி இருக்கிறது. அதில் மனை, வீடு விற்பனை என்ற வகையை அடைத்துவிட்டேன்.

வரவு விழுந்தது. அந்த வாரம் வந்தது ஒரு டீக்கும் வடைக்கும் சரி. "விளம்பரந்தான? வாங்குதவன் எங்க பாத்தாலும் வாங்குவான். நீங்க அடச்சா மட்டும் வயலு திரும்பி வந்துருமா?" என்று வீட்டில் கேள்வி. வராதுதான். ஆனால் நான் எழுதியதற்கு நடுவே அது உட்கார்ந்திருந்தால் அடுத்த கட்டுரை எழுத எனக்குக் கை வரவில்லை. இதில் கொள்கை என்று பெரிதாக எதுவும் இல்லை, எரிச்சல்தான்.

செப்டம்பர் 1, 2024

அமேசானின் இணைப்புத் திட்டத்தையும் பார்த்தேன். நாம் காட்டும் இணைப்பு வழியாகப் பொருள் விற்றால் ஒரு பங்கு தருவார்கள். 180 நாட்களுக்குள் மூன்று விற்பனையாவது ஆக வேண்டும், இல்லாவிட்டால் கணக்கு போய்விடும். வாய்க்கால் வாசகருக்கு நான் எதை விற்க? மண்வெட்டியா, டார்ச் லைட்டா? விட்டுவிட்டேன்.

அக்டோபர் 20, 2024

ஒருவழியாகப் பத்து டாலர் சேர்ந்துவிட்டது. பத்து டாலர் ஆனதும் நம் முகவரி உண்மைதானா என்று பார்க்க ஒரு கடிதம் அனுப்புகிறார்கள். அதில் இருக்கும் ஆறு இலக்க எண்ணை நான்கு மாதத்துக்குள் பதிய வேண்டும், தவறினால் விளம்பரம் நின்றுவிடும். உலகமே கைபேசிக்குள் வந்த பிறகும் இந்த ஒரு வேலைக்குத் தபால்காரர்தான்.

கடைக்கே கொண்டுவந்து கொடுத்தார். (பாளையங்கோட்டையில் ஜெராக்ஸ், டைப்பிங் கடை வைத்திருக்கிறேன். பட்டா மாறுதல் மனுக்களை எழுதிக் கொடுத்தே வயதாகிவிட்டது.) "என்ன அண்ணாச்சி, வெளிநாட்டுக் கடுதாசி?" என்றார். கூகுளிலிருந்து பணம் வரப் போகிறது என்றேன். எவ்வளவு என்று கேட்டார். நூறு டாலர் ஆனால்தான் கைக்கு வரும், இப்போது பத்து என்றேன். அடுத்த கடைக்குத் தபால் கொடுக்கப் போய்விட்டார்.

நவம்பர் 17, 2024

இதைக் கொஞ்சம் விரிவாக எழுத வேண்டும்.

மனைத் தொழில் செய்யும் ஒருவர் தொலைபேசியில் அழைத்தார். மரியாதையான பேச்சு. "அண்ணாச்சி, உங்க எழுத்த முழுசா வாசிச்சிருக்கேன். நம்ம லேஅவுட்டு கால்வாய்க் கரையிலதான் இருக்கு. அந்தக் கால்வாயோட வரலாற நீங்க எழுதுத மாதிரியே எழுதுங்க. கடைசியில நம்ம நம்பரும் வெப்சைட்டும் மட்டும் வரட்டும். பத்தாயிரம் தாரேன்."

பத்தாயிரம்! ஆட்சென்ஸில் அதைப் பார்க்க எனக்கு எத்தனை வருஷம் ஆகும் என்று கணக்குப் போடக் கூட இல்லை.

இடம் எது என்று கேட்டேன். சொன்னார். எனக்குத் தெரிந்த இடம். மேலே ஒரு குளம், அது நிரம்பி வழிந்து மறுகால் பாய்ந்தால் தண்ணீர் அந்த வயல்கள் வழியாகத்தான் கீழ்க் குளத்துக்கு இறங்கும். தாமிரபரணிப் பாசனத்தில் ஒரு குளத்து மறுகால் அடுத்த குளத்துக்கு வரத்து. பெரியவர்கள் அதற்கென்று ஓடை விட்டிருந்தார்கள். இப்போது அந்த ஓடையை லேஅவுட்டில் முப்பது அடி ரோடாகக் காட்டியிருப்பார்கள் என்று நினைக்கிறேன்.

"எழுதுதேன். ஆனா மேல விளம்பரக் கட்டுரைனு போடுவேன். மறுகால் எந்த வழியா போவும்னும் எழுதுவேன்" என்றேன்.

"முதல்ல சொன்னத விட்டுருங்க அண்ணாச்சி. விளம்பரம்னு தெரிஞ்சா யாரு வாசிப்பா?"

"ரெண்டாவது சொன்னது?"

யோசித்துச் சொல்கிறேன் என்று வைத்துவிட்டார். பிறகு கூப்பிடவில்லை.

காசு வாங்கிப் போடும் இணைப்பை அப்படித்தான் என்று குறித்துவைக்க வேண்டும் என்பது கூகுளின் விதியும் கூட. மறைத்துப் போட்டால் தேடலில் நம் பக்கம் பின்னுக்குப் போகலாம். வீட்டில் அந்தக் காரணத்தைத்தான் சொன்னேன். மறுகால் காரணத்தைச் சொல்லியிருந்தால் விவாதம் நீண்டிருக்கும்.

டிசம்பர் 15, 2024

மும்பையிலிருந்து ஓய்வுபெற்ற ஒருவர் எழுதியிருந்தார். தாத்தா காலத்தில் சேரன்மகாதேவி பக்கம் நிலம் இருந்தது, எப்போதோ விற்றுவிட்டார்கள். இவர் சிறுவயதில் ஒரு லீவுக்கு வந்தபோது தாத்தா மடையைத் திறந்தது மட்டும் நினைவிருக்கிறதாம். அது எந்தக் கால்வாய், எந்த மடை, இன்னும் இருக்கிறதா? கண்டுபிடித்து எழுதித் தர முடியுமா, என்ன ஆகும் என்று அவரே கேட்டிருந்தார்.

நான் இதுவரை எவரிடமும் விலை சொன்னதில்லை. ஜெராக்ஸுக்குப் பக்கத்துக்கு இவ்வளவு என்பது பலகையில் எழுதியிருக்கும். இதற்கு என்ன பலகை? பெட்ரோல், ஒரு நாள் கடைக்கூலி எல்லாம் சேர்த்து ஆயிரத்து ஐந்நூறு என்று அனுப்பினேன். அனுப்பியபின் அதிகமோ என்று தோன்றியது. பத்து நிமிடத்தில் பணம் வந்தது, இரண்டாயிரமாக.

ஜனவரி 19, 2025

பழைய கிரயப் பத்திரத்தின் நகல் ஒன்றை அவர் அனுப்பியிருந்ததால் சர்வே எண் கிடைத்தது. எண் இருந்தால் வழி இருக்கிறது. வருவாய்த் துறையின் அ-பதிவேட்டில் நிலத்தின் வகை, மண்ணின் தரம், தீர்வை இவற்றோடு பாசன ஆதாரத்துக்கும் ஒரு கட்டம் உண்டு. பட்டாவுக்கு வருகிற யாரும் அதைப் பார்ப்பதில்லை, எனக்கு அந்தக் கட்டம்தான் முக்கியம். பழைய எண் மாறியிருந்ததால் புது எண்ணைப் பிடிக்கக் கொஞ்சம் இழுத்தது. கன்னடியன் கால்வாய்ப் பாசனம்தான் என்று உறுதியானது.

பிசானப் பயிர் பச்சையாக நின்றது. மடைக்கல் இருந்தது. பக்கத்து வயல்காரர் வரப்பில் நின்றபடி கேட்டார்.

"என்னவே, கல்லப் போட்டோ எடுக்கீரு? பிடபிள்யூடியா?"

"இல்ல அண்ணாச்சி, பம்பாய்ல இருந்து ஒருத்தரு கேட்டாரு. இது அவுக தாத்தா வயலு."

"இதப் பாக்கதுக்கா துட்டு குடுத்தாரு?"

"ஆமா."

"அப்ப எங்க மடையையும் எடும். எங்க அத்த மகனும் பம்பாய்லதான் இருக்கான்."

எடுத்தேன். கால்வாய் எங்கே பிரிகிறது, முறைத்தண்ணீர் எந்தப் பக்கத்திலிருந்து விடுவார்கள், கீழ் வயல்காரரோடு என்ன தகராறு என்று அவர் அரை மணி நேரம் சொன்னதையும் சேர்த்து எழுதி அனுப்பினேன். தகராறு இருக்கும் பக்கத்தைத்தான் மும்பைக்காரர் மூன்று முறை வாசித்தாராம்.

மார்ச் 16, 2025

வாய்வழியாகப் பரவி இன்னும் சிலர் கேட்கிறார்கள். சென்னை, கோவை, ஒருவர் சிங்கப்பூர். கணக்கு நோட்டை மனைவியே எடுத்துக்கொண்டாள். பெட்ரோல் தனிப் பக்கம், வரவு தனிப் பக்கம். ஆட்சென்ஸுக்கு ஒரு பக்கம் ஒதுக்கியிருக்கிறாள், அதில் இன்னும் ஒரு வரி ஏறவில்லை. நூறு டாலர் தூரத்தில் இருக்கிறது.

ஒருவர், பங்காளியிடமிருந்து நிலத்தை மீட்க ஆதாரம் தேடித் தரச் சொன்னார், மற்றவர்களைவிட ஐந்து மடங்கு தருவதாகவும் சொன்னார். அது வக்கீல் வேலை என்று எழுதிவிட்டேன். அண்ணன் தம்பி வழக்கில் சிக்கினால் அப்புறம் எந்த ஊர் வரப்பிலும் என்னை நிற்க விட மாட்டார்கள்.

ஏப்ரல் 13, 2025

சென்னையில் இருக்கும் ஓர் அம்மா, நெல்லைக் கால்வாய்ப் பாசனத்தில் இருந்த தன் அப்பா வழி நிலத்தைக் கேட்டார். சுத்தமல்லியில் பிரிந்து பேட்டை வழியாக டவுனுக்குள் வந்து நயினார்குளத்தில் சேரும் கால்வாய். பதிவேட்டில் இடம் கிடைத்தது. நேரில் போனால் வரிசையாகக் கடைகள். வயலும் இல்லை, மடையும் இல்லை. கால்வாயில் பிளாஸ்டிக் பைகளும் தெர்மோகோலும்.

இதற்கு முழுக் காசு வாங்கலாமா என்று யோசித்துப் பாதிதான் கேட்டேன். கடைகளைப் படம் எடுத்து, எந்தக் கடை எந்த மூலையில் என்று கோடு போட்டு அனுப்பினேன். அந்த அம்மா முழுத் தொகையையும் போட்டுவிட்டுக் கேட்டார்: "அந்தச் செல்போன் கடை வாடகையா, சொந்தமா?" தெரியவில்லை, கேட்டுச் சொல்கிறேன் என்றேன். அம்மா வழி நிலம் ஸ்ரீவைகுண்டம் தென்காலில் இருந்ததாம், அதற்கும் பணம் அனுப்பியிருக்கிறார். பத்திரம் கிடைக்கவில்லை, ஊர்ப் பெயர் மட்டும்தான் இருக்கிறது. வருகிற ஞாயிறு அங்கே போய் விசாரிக்கிறேன்.