சைலன்சர் நட்டு

7 ஜூன் 2025, சனி

அப்பாவின் பைக் மறுபடியும் 'பட் பட்' என்று அடிக்கிறது. சைலன்சர் எஞ்சினில் சேருகிற இடத்தில் புகை கசியாமல் அடைக்கிற பாக்கிங் போய்விட்டது. பாக்கிங் மாற்றுவது ஒரு வேலையே இல்லை. அதைப் பிடித்திருக்கிற இரண்டு நட்டுகள்தான் வேலை. தூத்துக்குடி உப்புக்காற்றும் சைலன்சர் சூடும் சேர்ந்து, நட்டும் ஸ்டட்டும் (நட்டு ஏறுகிற, எஞ்சினில் பதிந்த தலையில்லாத போல்ட்) ஒரே துருக்கட்டி.

ஸ்டட்டில் வெளியே நீட்டியிருக்கும் மரையை, அதாவது திருகுப் புரியை, கம்பி பிரஷ்ஷால் தேய்த்தேன். நட்டு அந்த வழியாகத்தானே வரவேண்டும். பிறகு துருவிளக்கி எண்ணெய் அடித்து, இரவெல்லாம் ஊற விட்டாயிற்று. டபிள்யூடி-40 போதாதா என்கிறான் தம்பி. அது 1953-ல் அமெரிக்காவில் ஈரத்தை விரட்டித் துருவைத் தடுக்க உருவாக்கியது. பிடித்த துருவுக்குள் இறங்குவதற்கென்றே வரும் எண்ணெய் வேறு.

8 ஜூன், ஞாயிறு

10 சைஸ் பாக்ஸ் ஸ்பேனர், ஆறு பட்டை உள்ளது. பன்னிரண்டு முனை ரிங் ஸ்பேனர் தேய்ந்த நட்டில் வழுக்கி மூலையை மழுக்கிவிடும். பாக்ஸைத் தட்டி இறக்கி, முதலில் இறுக்குகிற பக்கம் ஒரு மயிரிழை, அப்புறம் கழற்றுகிற பக்கம்.

இடது நட்டு 'டக்' என்றது. அந்தச் சத்தம் கேட்டால் பாதி வேலை முடிந்தது. அரைச் சுற்று வெளியே, கால் சுற்று உள்ளே, கொஞ்சம் எண்ணெய்; காப்பித்தூள் மாதிரி துரு கசிந்து வந்தது.

வலது நட்டு சத்தமே போடவில்லை. ஸ்பேனர் நகர்கிறது, கையை விட்டால் திரும்பி வருகிறது. நட்டு சுற்றவில்லை, ஸ்டட் முறுக்குகிறது. அத்தோடு நிறுத்திவிட்டேன்.

9 ஜூன், திங்கள்

திரேஸ்புரத்தில் லாஞ்சு எஞ்சின் பார்க்கிற அண்ணாச்சியிடம் கேட்டேன். "ஸ்பேனர்ல குழாயை மாட்டித் தொங்காத தம்பி. நட்டு போனா வேற வாங்கிக்கிடலாம். ஸ்டட்டு ஒடிஞ்சா ஹெட்டுக்குல்லா கேடு!"

ஹெட் (ஸ்டட் பதிந்திருக்கிற எஞ்சின் மேல்பாகம்) அலுமினியம், ஸ்டட் இரும்பு. ஒடிந்த ஸ்டட்டில் டிரில் போட்டால், பிட் கெட்டியான இரும்பை விட்டு மெத்தென்ற அலுமினியத்துக்குள் சறுக்கும். 6 மி.மீ. ஸ்டட்டுக்குள் 5 மி.மீ. துளை போட வேண்டும், நடுவை விட்டு விலக இடமே கிடையாது.

14 ஜூன், சனி

டேங்கைக் கழற்றித் தூர வைத்து, அடித்த எண்ணெயைச் சுத்தமாகத் துடைத்தபின் நட்டை மட்டும் சிறு கேஸ் டார்ச்சால் சூடாக்கினேன். நட்டு ஸ்டட்டுக்கு முந்தி விரியும், துருவின் பிடி தளரும். மெழுகுவத்தியை ஒற்றினால் உருகி மரைக்குள் இறங்கும். (துடைக்க பிரேக் கிளீனர் கூடாது. குளோரின் கலந்த வகையென்றால் சூட்டில் பாஸ்ஜீன் வரும், விஷவாயு.)

ஆறியபின்னும் அதே ரப்பர் முறுக்கு. சரி, நட்டைப் பலிகொடுப்போம். கண்ணாடி மாட்டிக்கொண்டு, ஹாக்சா பிளேடால் நட்டின் ஒரு பட்டையை ஸ்டட்டுக்கு இணையாக அறுத்தேன். மரையைத் தொட ஒரு மயிரிழை இருக்கும்போதே நிறுத்தி, வெட்டில் உளியை வைத்து ஒரு தட்டு. நட்டு வாய் பிளந்தது. விரலாலேயே சுற்றி எடுத்தேன். ஸ்டட்டில் ஒரு கீறல் இல்லை.

15 ஜூன், ஞாயிறு

மரையை டை (மரை வெட்டுகிற வளையம்) ஓட்டிச் சுத்தம் செய்து, புது பாக்கிங், பித்தளை நட்டு, மரையில் காப்பர் கிரீஸ். கிரீஸ் இருந்தால் உராய்வு குறைவு. வழக்கமான இறுக்கம் கொடுத்தால் ஸ்டட் நீண்டுவிடும் என்பதால் கொஞ்சம் குறைத்தே இறுக்கினேன். ஓட்டி, ஆறவிட்டு மறுபடி பார்த்ததில் இடது நட்டு ஒரு கால் சுற்று வாங்கிக்கொண்டது. புகைக் கசிவு இல்லை.