சுவான்சௌவில் திருவானைக்கா விபூதி

அப்பா ஆசைப்பட்டது ஒன்றே ஒன்றுதான். சீனாவில் சுவான்சௌ வரை போய், நம் வணிகர்கள் சிவன் கோயில் கட்டிய மண்ணை ஒருதரம் மிதித்துவிட்டு வரவேண்டும். அவர் இருந்தவரை அதற்கு வேளை வரவில்லை. வருஷாப்தீகம் முடிந்த மறுநாள், ஜம்புகேஸ்வரர் சன்னிதி விபூதியை ஒரு சின்ன டப்பியில் போட்டு வைத்துக்கொண்டு அம்மா சொன்னாள்: "அவருக்குப் பதிலா நாம போயிட்டு வருவோம்டா."

பெய்ஜிங், சியான், ஷாங்காய் எல்லாம் குழுவோடு சுற்றினோம். தினமும் ஒரு பட்டுக்கடை, ஒரு தேயிலைக்கடை, ஒரு முத்துக்கடை. வாங்காமல் வெளியே வந்தால் வழிகாட்டியின் முகம் சுருங்கிவிடும். சுவான்சௌ என்றால் "அது நம்ம பட்டியல்ல இல்லீங்க" என்று ஒரே பதில். கடைசி இரண்டு நாள் குழுவை விட்டுப் பிரிந்து, சியாமென் போய் அங்கிருந்து ரயில் பிடித்தோம். அம்மாவுக்கு முழங்கால் வீங்கியிருந்தது. ஸ்டேஷன் படிகளில் பிள்ளையாரைக் கூப்பிட்டுக்கொண்டேதான் ஏறினாள்.

இந்த ஊரில் கிடைத்த தமிழ்க் கல்வெட்டை அப்பா மனப்பாடமாகச் சொல்வார். சக ஆண்டு 1203, சித்திரை மாதம் சித்திரை நாள். அதாவது 1281. சம்பந்தப் பெருமாள் என்பவர், செகசைகானின் திருமேனி நன்றாக இருக்கவேண்டும் என்று இங்கே சிவபெருமானை எழுந்தருளப் பண்ணினார். செகசைகான் என்றால், அப்போது சீனாவை ஆண்ட மங்கோலியப் பேரரசர் குப்ளாய் கான் என்கிறார்கள். அந்தக் கோயில் இப்போது இல்லை. கற்கள் மட்டும் ஊரெங்கும் சிதறிக் கிடந்து கிடைத்திருக்கின்றன.

686இல் தொடங்கிய கையுவான் புத்தர் கோயிலில் அப்படி இரண்டு தூண்கள், பெரிய மண்டபத்தின் பின்புறம் நிற்கின்றன. கிட்டே போகத்தான் முடியவில்லை. அந்த ஊரில் தலை நிறையப் பூ வைத்து அலங்கரித்துக்கொண்டு படம் எடுப்பது பெரிய மோகம். வாசலிலேயே "பூ வைக்கிறீங்களா" என்று சைகை காட்டிக் கையைப் பிடித்து இழுக்கிறார்கள். ஒருவழியாக நுழைந்து பார்த்தால், தூணில் நம் கிருஷ்ணன்! நரசிம்மர்! பக்கத்தில் யாரும் அவர்களை ஏறிட்டுப் பார்க்கவில்லை. அம்மா கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

கடல்சார் அருங்காட்சியகத்தில்தான் நான் உடைந்துபோனேன். ஒரு கல்லில் லிங்கம். எதிரே யானை, தும்பிக்கையில் பூவோடு. யானை சிவனைப் பூஜித்த தலமான திருவானைக்காவில் பிறந்து வளர்ந்தவனுக்கு இதை யாரும் விளக்க வேண்டாம். இத்தனை கடல் தாண்டி வந்தவர்கள் யானையையும் கூடவே கூட்டி வந்திருக்கிறார்கள். சுற்றுலாக் கூட்டத்தின் ஒலிபெருக்கி காதைப் பிளந்தது. அம்மா டப்பியைத் திறக்கப் போனாள். காவலர் பார்த்துக்கொண்டே நின்றார். திரும்ப மூடிக்கொண்டாள். "இங்க வேண்டாம், வேற இடம் இருக்கும்" என்றாள். எப்படித் தெரிந்தது என்று இன்றுவரை நான் கேட்கவில்லை.

மறுநாள், கடைசி நாள், ஊருக்கு வெளியே சேடியன் கிராமம். வண்டிக்காரர் இரண்டு தரம் வழி தவறி, மூன்றாவது தரம் ஒரு சிறிய சன்னிதி முன்னால் இறக்கிவிட்டார். உள்ளே பழைய கல் சிற்பம். நான்கு கைகள், காலடியில் அரக்கன், இருபுறமும் இரண்டு பேர். நம் ஜனங்கள் விட்டுப்போன சிலை என்று ஆராய்ந்தவர்கள் சொல்கிறார்கள். கிராமத்தாருக்கு அது குவான்யின் தாயார், சீனர்கள் கும்பிடும் கருணைத் தெய்வம். முன்னால் ஊதுவத்திப் புகை, தட்டில் பழம்.

அம்மா ஒன்றும் யோசிக்கவில்லை. "அம்பாள்டா" என்று அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். முழங்கால் வலி எங்கே போனதோ! கூட்டம் இல்லை, சத்தம் இல்லை, இழுப்பார் இல்லை. பூஜை செய்துகொண்டிருந்த பாட்டி எங்களை ஒன்றும் கேட்காமல் மூன்று ஊதுவத்தியைப் பற்றவைத்து அம்மா கையில் கொடுத்தார். அம்மா விபூதி டப்பியைத் திறந்து பீடத்தின் ஓரத்தில் வைத்தாள். பாட்டி அதைத் தள்ளவில்லை. பழத்தட்டைக் கொஞ்சம் நகர்த்தி இடம் பண்ணிக் கொடுத்தார். தாயே, கோயில் போன பிறகும் ஒரு வேளைகூடப் புகை நிற்காமல் உன்னைப் பார்த்துக்கொள்ள இவர்களை வைத்திருக்கிறாயே! எவ்வளவு நேரம் நின்றேன் என்று தெரியாது. அப்பாவின் பெயரையும் நட்சத்திரத்தையும் அம்மா சத்தமாகச் சொன்னது மட்டும் காதில் விழுந்தது.

புறப்படும்போது பாட்டி தட்டிலிருந்து ஒரு கமலா ஆரஞ்சை எடுத்து அம்மாவின் இரு கைகளிலும் வைத்தார். அன்று ராத்திரி விடுதி அறையில், பர்சிலிருந்த அப்பா படத்தை எடுத்து மேஜையில் சாய்த்து, பழத்தை அதன் முன்னால் வைத்தாள். கொஞ்ச நேரம் கழித்து உரித்து, எனக்குப் பாதி கொடுத்தாள்.