முதலில் தண்ணீரைக் கொட்டுங்கள்
மகளுக்கு டெங்கு வந்து தேறிய பிறகுதான் வீட்டைச் சுற்றி ஒழுங்காகப் பார்த்தேன். பூந்தொட்டியின் அடித்தட்டு, ஃப்ரிட்ஜுக்குப் பின்னால் இருக்கும் தட்டு, மூடாத வாளி என்று எல்லாவற்றிலும் கொசுப்புழுக்கள் நெளிந்துகொண்டிருந்தன, மனசே ஆறவில்லை. முட்டை கொசுவாக 7 முதல் 10 நாள் போதும், அதனால் வாரம் ஒருமுறையாவது கொட்டிவிடுங்கள். கொட்டினால் மட்டும் போதாது, உள்பக்கத்தைத் தேய்த்துக் கழுவ வேண்டும், ஏனென்றால் டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசுவின் முட்டை காய்ந்துபோய்ப் பல மாதம் ஒட்டிக்கொண்டிருந்துவிட்டு மறுபடி தண்ணீர் பட்டதும் பொரிந்துவிடும்.

ஏடிஸ் பகலில் கடிக்கிற கொசு. பகலில் தூங்கும் குழந்தைக்கும் வலை கட்டுங்கள். மின்விசிறிக் காற்றை எதிர்த்துக் கொசுவால் சரியாகப் பறக்க முடியாது, அதுவும் நல்ல உதவி. ஒலி எழுப்பி விரட்டும் கருவிகளை வாங்காதீர்கள், பயனே இல்லை.

சரி, வெளியே போனால்? வெளிர்நிற முழுக்கைச் சட்டை, டீட் அல்லது பிக்காரிடின் என்ற கொசுவிரட்டி மருந்து கலந்த களிம்பு. சன்ஸ்கிரீன் போடுவதாக இருந்தால் முதலில் அது, அப்புறம்தான் இது. 2 மாதம் நிறையாத குழந்தைக்கு மட்டும் எதையும் தடவ வேண்டாம், வலை போதும்.