காப்பித் தோட்டத்து எறும்புகள்: தை மாதக் குறிப்புகள்

2024 ஜனவரி 18, வியாழன்
பழம் எடுப்பு பாதி முடிந்திருக்கிறது. எங்கள் தோட்டத்திலும், வேலிக்கு அந்தப் பக்கம் பெரியப்பா தோட்டத்திலும் பிளாஸ்டிக் டம்ளர்களை விளிம்பு மண்ணோடு சமமாக இருக்கும்படி புதைத்து, தரையில் திரியும் எறும்புகள் விழட்டும் என்று சோப்புத் தண்ணீர் ஊற்றி வைத்தேன். எங்களுடையது இயற்கை வேளாண் சான்று பெற்ற தோட்டம். பெரியப்பா ரசாயன உரமும் மருந்தும் போடுபவர். செடியின் தூரைச் சுற்றி எறும்பு மருந்தும் தூவுவார். "எறும்பு ஏறினா மாவுப்பூச்சி போகாது பாப்பா" என்றார். அது உண்மைதான்.

ஜனவரி 21, ஞாயிறு
காலை முழுக்க ஒரே செடியிடம் உட்கார்ந்திருந்தேன். தளிர் இலையின் நடுநரம்பை ஒட்டி வரிசையாகப் பச்சைச் செதில் பூச்சிகள். லென்ஸ் வைத்துப் பார்த்தால், கறுப்பு எறும்பு ஒன்று உணர்கொம்பால் பூச்சியின் முதுகைத் தட்டுகிறது. பின்முனையில் ஒரு சொட்டுத் தேன்நீர் திரள்கிறது. உறிஞ்சிவிட்டு அடுத்த பூச்சிக்கு நகர்கிறது. பொறிவண்டு ஒன்று வந்து இறங்கியதும் நாலைந்து எறும்புகள் காலைக் கடித்து விரட்டிவிட்டன. இந்தச் செதில் பூச்சியை ஒழிக்கத்தான் 1898இல் ஆஸ்திரேலியாவிலிருந்து கிரிப்டோலேமஸ் பொறிவண்டைக் கொண்டுவந்தார்கள். செதில் பூச்சியிடம் அது எடுபடவில்லை, ஆனால் இங்கேயே தங்கி மாவுப்பூச்சியைத் தின்கிறது.

மெக்சிகோவின் சியாபாஸ் காப்பித் தோட்டங்களிலும் இதே செதில் பூச்சிதான். அங்கே நிழல் மரத்தில் கூடு கட்டும் அஸ்டெகா எறும்பு அதற்குக் காவல். ஆனால் அந்த எறும்பு திரியும் செடிகளில் காய்த்துளைப்பானின் சேதம் குறைகிறது என்று ஆய்வாளர்கள் பார்த்திருக்கிறார்கள். 1990இல் நீலகிரிக் கூடலூர்ப் பக்கம் தலைகாட்டியதிலிருந்து நம்மைப் படுத்தும் அதே வண்டு! எறும்பின் கணக்கில் செலவை மட்டும் எழுதி வரவை விட்டுவிடுகிறோம் என்பதுதான் என் ஆதங்கம்.

ஜனவரி 27, சனி
கருவாட்டுத் தூளும் வெல்லமும் கலந்து இலைத்துண்டுகளில் வைத்தேன். பலா மரத்தடியில், நெட்டைக்கால் எறும்பு ஒன்று முதலில் வந்து ஒரு துணுக்கைத் தூக்கிக்கொண்டு ஓடியது. பிறகு பெருந்தலை எறும்புகள் சாரை பிடித்து வந்தன. பெரிய தலைக்காரர்கள் கருவாட்டை நறுக்க, சின்னவர்கள் சுமந்தார்கள். ஓரத்தில் பிள்ளையார் எறும்புகளும் வெல்லத்தை மொய்த்தன. சில்வர் ஓக் மட்டும் நிற்கும் எங்கள் கீழ்ச்சரிவில் வைத்த இலைகளுக்கு வந்ததெல்லாம் ஒரே வகை எறும்பு, கூட்டம் கூட்டமாக. எறும்பு நிறைய இருப்பதும் பல வகை இருப்பதும் வேறு வேறு. 2022இல் நம் திண்டுக்கல் மாவட்டத்துக் கரந்தமலை அடிவாரத்தில் மஞ்சள் பைத்தியக்கார எறும்பு பெருகி ஆடு மாடுகளைப் பாடாய்ப்படுத்தியதை யாரும் மறந்திருக்க மாட்டார்கள்.

பிப்ரவரி 4, ஞாயிறு
டம்ளர்களில் விழுந்ததைப் பிரித்து முடித்தேன். வகைகள் அதிகம் கிடைத்தது பலா, முள்முருங்கை, ஆரஞ்சு கலந்து நிற்கும் எங்கள் மேல்காட்டில். அடுத்தது பெரியப்பாவின் பழைய பலாக்காடு, அதிலும் அவர் மருந்து தூவாத ஓரம். சான்று பெற்ற எங்கள் கீழ்ச்சரிவு அதற்கும் பின்னால்தான். கோஸ்டா ரிகாவில் ஐவெட் பெர்ஃபெக்டோவும் ராய் ஸ்னெல்லிங்கும் 1995இல் வெளியிட்ட ஆய்விலும், நிழல் குறையக் குறையத் தரையில் திரியும் எறும்பு வகைகள் குறைந்திருந்தன. மருந்தை நிறுத்துவது அவசியம், ஆனால் அது மட்டும் போதாது. நிழலும் சருகும் வேண்டும். சான்றிதழுக்கு வருகிறவர்கள் நிழல் மரங்களை வகைவாரியாக எண்ணினால் நன்றாக இருக்கும்.

பிப்ரவரி 11, ஞாயிறு
கவாத்துக் குச்சிகளைக் குவித்துக் கொளுத்தப் போனார்கள். ஒன்றை ஒடித்துக் காட்டினேன். உள்ளே பொள்ளல், அதில் அரிசி நொய் மாதிரி வெள்ளைக் கூட்டுப்புழுக்கள். எறும்புகள் அவற்றை வாயில் கவ்விக்கொண்டு ஓடின. "அடியே, இதுக்குள்ள குடும்பமே இருக்கு" என்றார் கவாத்து வெட்டும் அக்கா. தண்டு துளைப்பான் இருந்த குச்சிகளை மட்டும் கொளுத்துவது, மற்றவற்றைச் செடிக்கடியில் பரப்புவது என்று முடிவாயிற்று. மழை பிடித்ததும் கீழ்ச்சரிவில் முள்முருங்கைப் போத்து நட வேண்டும். பெரியப்பா இந்த வருஷம் வேலியோரத்து இரண்டு வரிசைக்கு மருந்து தூவாமல் விட ஒத்துக்கொண்டார். மாவுப்பூச்சி ஏறினால் பொறிவண்டு வாங்கி விடுவது என் பொறுப்பு.