எதைத் தட்டினாலும் நோட்பேட்

வீட்டுக் கம்ப்யூட்டரில் ஒரு ப்ரோக்ராமும் திறக்கவில்லை என்று சொன்னவுடனே, மெஷினைப் பார்க்காமலே "ஃபார்மட் அடிச்சிடலாம்" என்கிறவர்களைக் கண்டால் எனக்கு வயிறு எரியும். திறக்கவில்லை என்றால் எது திறக்கவில்லை, அதற்குப் பதிலாக என்ன வருகிறது என்று முதலில் கேட்க வேண்டாமா?

கும்பகோணத்தில் இருக்கும் என் மாமா ஜாதகம் கணிப்பவர். 2011லிருந்து அவர் கணித்த ஜாதகங்கள் எல்லாம் ஒரு பழைய விண்டோஸ் 7 மெஷினில்தான் இருக்கின்றன. அந்த ஜாதக சாஃப்ட்வேர் சிடியில் வந்தது. அதன் பதிவு எண் அந்த மெஷினுக்கு மட்டும்தான் செல்லும். விற்றவர் இப்போது அந்தத் தொழிலிலேயே இல்லை. ஃபார்மட் செய்தால் விண்டோஸ் திரும்ப வந்துவிடும், ஜாதகங்கள் வராது.

மாமா போனில் சொன்னது இதுதான்: "ஏம்மா, எந்த ஐகானைத் தட்டினாலும் நோட்பேடுதான் திறக்குது. உள்ளே பூரா கிறுக்கல். கடையில கேட்டேன், விண்டோஸ் போயிடுச்சுங்கிறான்." எதிலும் கை வைக்காதீங்க மாமா என்று சொல்லிவிட்டு, சனிக்கிழமை பஸ் ஏறினேன்.

போய்ப் பார்த்தால் டெஸ்க்டாப்பில் இருந்த ஐகான்கள் எல்லாம் நோட்பேட் படமாக மாறியிருந்தன. ஒவ்வொரு பெயரின் வாலிலும் '.எல்என்கே' என்று ஒட்டியிருந்தது. ஆனால் கம்ப்யூட்டர், ரீசைக்கிள் பின் இரண்டும் பழையபடியே இருந்தன. மாமா எழுதி வைத்திருந்த வேர்ட் கோப்புகளின் ஐகானும் மாறவில்லை. அதைப் பார்த்ததும் எனக்குப் பாதி நிம்மதி. மாறியது ஷார்ட்கட்கள் மட்டும்தான்.

டெஸ்க்டாப்பிலும் ஸ்டார்ட் மெனுவிலும் நாம் தட்டுவது பெரும்பாலும் ப்ரோக்ராமை இல்லை. அது எங்கே இருக்கிறது என்று விலாசம் எழுதிய ஒரு துண்டுச் சீட்டைத்தான். அந்தச் சீட்டுக் கோப்பின் வால்தான் எல்என்கே. விண்டோஸ் அதைப் படித்து, அதில் உள்ள இடத்துக்குப் போய் உண்மையான ப்ரோக்ராமைத் திறக்க வேண்டும். இங்கே அப்படிச் செய்யாமல், அந்தச் சீட்டையே ஒரு எழுத்துக் கோப்பு என்று எண்ணி நோட்பேடிடம் கொடுத்துக்கொண்டிருந்தது. மாமா பார்த்த கிறுக்கல் அதுதான்.

அதை உறுதிப்படுத்த, விண்டோஸ் பட்டனோடு 'இ'யை அழுத்தி எக்ஸ்ப்ளோரரைத் திறந்து, சி டிரைவில் ப்ரோக்ராம் ஃபைல்ஸ் ஃபோல்டருக்குள் போய், ஜாதக சாஃப்ட்வேரின் இஎக்ஸ்இ கோப்பையே, அதாவது உண்மையான ப்ரோக்ராமையே, நேராகத் தட்டினேன். ராசிக் கட்டத்தோடு பளிச்சென்று திறந்தது. "அட, இருக்குதா!" என்று மாமா நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். வேறு வேலைக்குப் போகும் முன் ஜாதகங்கள் இருந்த ஃபோல்டரை முழுசாக ஒரு பென்டிரைவில் எடுத்துக்கொண்டேன். எந்த ரிப்பேராக இருந்தாலும் இதற்குப் பிறகுதான் மற்றதெல்லாம்.

அப்புறம் கன்ட்ரோல் பேனலில் புதிதாக ஒரு யூசர் அக்கவுன்ட் போட்டு அதில் நுழைந்தேன். அங்கே எல்லாமே ஒழுங்காகத் திறந்தன. ஆக விண்டோஸ் நன்றாகத்தான் இருக்கிறது, கோளாறு மாமாவின் அக்கவுன்டுக்குள் மட்டும். பத்து நிமிஷத்துக்குள் முடியும் இந்தச் சோதனையைக் கடைக்காரர்கள் ஏன் செய்வதில்லை என்பதுதான் என் ஆதங்கம்.

மறுபடி மாமாவின் அக்கவுன்டுக்கு வந்து, விண்டோஸ் பட்டனோடு 'ஆர்' அழுத்தி ரெஜெடிட் என்று கொடுத்தேன். விண்டோஸ் தன் அமைப்புகளையெல்லாம் குறித்து வைக்கும் இடம் ரெஜிஸ்ட்ரி, அதைத் திறக்கும் கருவி ரெஜெடிட். அதில் கரண்ட் யூசர் கிளைக்குள் சாஃப்ட்வேர், மைக்ரோசாஃப்ட், விண்டோஸ், கரண்ட்வெர்ஷன், எக்ஸ்ப்ளோரர், ஃபைல்எக்ஸ்ட்ஸ் என்று இறங்கினால் கோப்பு வால்களின் பெரிய வரிசை வரும். அதில் .எல்என்கே என்பதற்குக் கீழே 'யூசர்சாய்ஸ்' என்று ஒன்று இருந்தது. உள்ளே பார்த்தால் நோட்பேடின் பெயர். 'ஓப்பன் வித்' பெட்டியில், இனி இந்த வகைக் கோப்பை எப்போதும் இதில்தான் திறக்க வேண்டும் என்ற டிக்கோடு யாரோ ஓகே கொடுத்திருக்கிறார்கள். அந்த ஒரு க்ளிக்கின் பதிவு இது. வைரஸும் இல்லை, செய்வினையும் இல்லை.

.எல்என்கே கிளையை முதலில் எக்ஸ்போர்ட் செய்து நகலாக வைத்தேன். பிறகு யூசர்சாய்ஸை மட்டும் அழித்தேன். லாக் ஆஃப் செய்து மறுபடி நுழைந்ததும் ஐகான்கள் தத்தம் முகத்தோடு வந்துவிட்டன. ரெஜிஸ்ட்ரியில் சொன்ன ஒன்றைத் தவிர வேறு எதையும் தொடக் கூடாது. அடுத்த வரி என்னவென்று தெரியாமல் அழித்தால் அப்போதுதான் நிஜமாகவே விண்டோஸ் போகும்.

இஎக்ஸ்இ கோப்பை நேராகத் தட்டியும் திறக்கவில்லை என்றால் கதை வேறு. 2010ஐ ஒட்டிய வருஷங்களில் போலி ஆன்டிவைரஸ்கள் ஊரெல்லாம் சுற்றின. எந்த ப்ரோக்ராமைத் திறந்தாலும் முதலில் தான் ஓடும்படி அவை ரெஜிஸ்ட்ரியை மாற்றி வைக்கும். நல்ல ஆன்டிவைரஸ் வந்து அந்தப் போலியை அழித்துவிடும், மாற்றிய வரி மட்டும் அப்படியே நிற்கும். இல்லாத ஒன்றைத் தேடித் தேடி விண்டோஸ் ஒன்றையுமே திறக்காது. சரிசெய்யலாம் என்றால் ரெஜெடிட்டும் ஓர் இஎக்ஸ்இதானே, அதுவும் திறக்காது!

அதற்கு ஓர் அருமையான வழி உண்டு. ரெஜெடிட் கோப்பை டெஸ்க்டாப்புக்கு நகல் எடுத்து, இஎக்ஸ்இ என்ற வாலை 'காம்' என்று மாற்றித் தட்டினால் திறந்துவிடும். கெட்டுப்போனது இஎக்ஸ்இக்கான வழி மட்டும்தான், காம் வால் வேறு வழியில் போகிறது. ஓட்டும்போது விண்டோஸ் கோப்பின் உள்ளே தொடக்கத்தில் இருக்கும் 'எம்இசட்' என்ற இரண்டு எழுத்தைப் பார்த்து, இது ப்ரோக்ராம்தான் என்று தெரிந்துகொள்கிறது. அந்த வடிவத்தை உருவாக்கிய மைக்ரோசாஃப்ட்காரர் மார்க் ஸ்பிகோவ்ஸ்கியின் பெயரின் ஆங்கில முதலெழுத்துகள் அவை. விண்டோஸுக்கு முந்தைய டாஸ் காலத்தில் வைத்தது, இன்றைக்கும் இருக்கிறது. ரெஜெடிட் திறந்த பிறகு, கிளாசஸ் ரூட் கிளையில் .இஎக்ஸ்இ என்பதன் மதிப்பு 'இஎக்ஸ்இஃபைல்' என்று இருக்க வேண்டும். இஎக்ஸ்இஃபைல், ஷெல், ஓப்பன், கமாண்ட் என்று போனால் அங்கே "%1" %* என்று மட்டும்தான் இருக்க வேண்டும். அதற்கு முன்னால் வேறு ப்ரோக்ராம் பெயர் ஒட்டியிருந்தால் அதுதான் குற்றவாளி.

விண்டோஸ் 7க்கான பாதுகாப்பு அப்டேட்களை மைக்ரோசாஃப்ட் 2020 ஜனவரி 14ஆம் தேதியோடு பொதுமக்களுக்கு நிறுத்திவிட்டது. அதனால் மாமாவின் மெஷினிலிருந்து நெட் கேபிளைக் கழற்றி வைத்தேன். சோதனைக்காகப் போட்ட அந்தப் புது அக்கவுன்டை அழிக்கவில்லை. பேரன் விளையாட அதையே ஸ்டாண்டர்ட் அக்கவுன்டாக வைத்துவிட்டு, மாமாவுடையதற்குப் பாஸ்வேர்ட் போட்டுக் கொடுத்தேன். பென்டிரைவ் அவருடைய பஞ்சாங்க அலமாரியில் இருக்கிறது. மாதம் ஒரு முறை ஜாதக ஃபோல்டரை அதில் போட வேண்டும் என்று அத்தையிடம்தான் சொல்லிவிட்டு வந்திருக்கிறேன். மாமாவிடம் சொன்னால் மறந்துவிடுவார்.