சேர்விடாப்பு

எங்கள் பாடசாலையின் ஆண்டு மலருக்கு வரலாறு எழுதும் வேலையை அதிபர் என்னிடம் தந்தார். யாழ்ப்பாண நகரத்துக்குள், கடைகளுக்கு நடுவே இருக்கும் ஆரம்பப் பாடசாலை. காலையில் ஓட்டோக்களை விலக்கிக்கொண்டுதான் பிள்ளைகள் உள்ளே வருவார்கள்.

எல்லோரும் எழுதுகிற மாதிரித்தான் நானும் தொடங்கினேன். 1816இல் அமெரிக்க மிஷன் வந்தது, 1848இல் ஆறுமுக நாவலர் வண்ணார்பண்ணையில் சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தொடங்கியது, 1960இல் உதவி பெற்ற பாடசாலைகளை அரசாங்கம் பொறுப்பேற்கத் தொடங்கியது. எல்லாம் சரிதான். ஆனால் எங்கள் பிள்ளைகள் ஒருவரையும் அதில் காணவில்லை.

அப்புறம் அலுமாரியில் இருந்த சேர்விடாப்புகளை, அதாவது பிள்ளைகளைப் பாடசாலையில் சேர்க்கும்போது பதியும் புத்தகங்களை, இறக்கினேன். பெயர், பிறந்த திகதி, தகப்பன் பெயர், விலாசம், விலகிய காரணம். விலாசங்களைப் படிக்கப் படிக்க ஒன்று புரிந்தது. பாடசாலைக்கு ஐந்து நிமிட நடை தூரத்தில் உள்ள சில ஒழுங்கைகளின் பெயர், பழைய இடாப்பின் முன்பக்கங்களில் ஒரு தடவைகூட இல்லை. அங்கேயும் பிள்ளைகள் இருந்தார்கள்தானே? 1930ஐ ஒட்டிய ஆண்டுகளில் சம ஆசனத்துக்காக, அதாவது ஒடுக்கப்பட்ட சாதிப் பிள்ளைகளும் மற்றப் பிள்ளைகளோடு சமமாக இருந்து படிப்பதற்காக, இங்கே பெரிய போராட்டமே நடந்தது. எல்லாப் பிள்ளைகளும் ஒரே வாங்கில் இருப்பதைப் பொறுக்காமல் பள்ளிக்கூடங்களுக்குத் தீ வைத்தவர்களும் உண்டு. அதற்குப் பிறகுதான் அந்த ஒழுங்கைகள் ஒவ்வொன்றாக எங்கள் இடாப்புக்குள் வருகின்றன. "இதை மலரில் போட வேணுமோ, ரீச்சர்?" என்று ஒருவர் கேட்டார். போடத்தான் வேண்டும் என்றேன். இதை விட்டால் அது எங்கள் வரலாறே இல்லை.

இந்த இடாப்புகள் மிஞ்சியதற்கு, ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர்தான் காரணம். 1995 ஒக்டோபர் 30 இரவு போரால் எங்கள் வலிகாமப் பகுதியே மழைக்குள் கிழக்கே தென்மராட்சிக்கு நடந்தபோது, அவர் இவற்றை உரப்பையில் சுற்றி சைக்கிள் கரியரில் கட்டிக்கொண்டு போனார். அடுத்த ஆண்டு திரும்பி வந்ததும் அலுமாரியில் வைத்தார். ஓரங்களில் மை கரைந்திருக்கிறது. 1995ஆம் ஆண்டுப் பக்கங்களில் விலகிய காரணம் என்ற கூட்டில் வரிசையாக 'இடம்பெயர்வு'. சில கூடுகள் வெறுமை. அந்தப் பிள்ளைகள் திரும்பி வரவில்லை.

மலர் வேலை நடக்கும்போது, கனடாவில் இருந்து வந்த வயதான அம்மா ஒருவர் வாசலில் நின்றார்.

"பிள்ளை, என்ரை பேர் இதுக்குள்ளை கிடக்குதோ?"

ஆண்டைக் கேட்டுத் தேடினேன். இருந்தது. ஆனால் அவருடைய விரல் அதில் நிற்கவில்லை. மூன்று வரி கீழே போய் நின்றது.

"இது என்ரை தம்பி. இப்ப இல்லை."

அந்த வரியைப் படம் எடுக்கலாமா என்று கேட்டுக் கைபேசியை நீட்டினார். அவருக்குக் கை நடுங்கியது. நான்தான் எடுத்துக் கொடுத்தேன்.